வாங்குற படியா, குடுக்குற படியா?

பண்ருட்டியிலிருந்து கடலூர் போகிற சாலையில் நெல்லிக்குப்பத்துக்கு முன்னால் வருவது மேல்பட்டாம்பாக்கம். அங்கே காலனியில் மாலை ஏழு மணிக்கு நான் ஒரு வகுப்பு எடுக்கிறேன். கட்டணம் கிடையாது. பகலில் வேறு இடத்தில் வேலை. எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு வாங்குகிற சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அது வேறு கதை.

ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் முதல் பாடம் 'அளவீடுகள்'. ஒன்பதாம் வகுப்பிலும் முதல் பாடம் அளவீடுதான். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலும் அளவீட்டியலோடுதான் தொடங்குகிறது. மூன்று முறை படித்தும் பிள்ளைகள் மனதில் நிற்பது ஒரு அட்டவணை மட்டும். நீளத்துக்கு மீட்டர், நிறைக்குக் கிலோகிராம், காலத்துக்கு வினாடி, மின்னோட்டத்துக்கு ஆம்பியர். கோடிட்ட இடத்தை நிரப்புக.

போன மாதம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, ஒரு படின்னா எத்தன கிலோ?"

நான் ஆசிரியர் தோரணையில் விளக்கினேன். படி என்பது கன அளவு, கிலோ என்பது நிறை. படியில் நெல்லை அளந்தால் ஒரு எடை, அரிசியை அளந்தால் வேறு எடை, உப்பை அளந்தால் இன்னொரு எடை, ஏனென்றால் அடர்த்தி வேறு. சரியான பதில்தான். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவளுடைய ஆயா தலையைத் தூக்காமலே கேட்டார்: "யாரு படி? வாங்குற படியா, குடுக்குற படியா?"

எனக்குப் புரியவில்லை. பிள்ளைகளுக்கும் புரியவில்லை. ஆயாதான் விளக்கினார். அவர் வேலை செய்த பண்ணையில் இரண்டு மரக்கால் உண்டு. "கூலி அளக்குறதுக்கு ஒண்ணு, குத்தக நெல்லு வாங்குறதுக்கு ஒண்ணு. பாத்தா ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். கூலி மரக்காலுக்கு அடிக்கட்ட தடிப்பு. கைய உள்ள உட்டுப் பாத்தாத்தான் தெரியும். யாரு கைய உடுறது? அவங்க சாமான நம்ம தொடலாமா?"

அந்தக் கடைசிக் கேள்வி எனக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிட்டது. தீண்டாமை என்பது அவமானம் மட்டுமல்ல, கணக்கை மறைக்கிற ஏற்பாடும்கூட. அளவுப் பாத்திரத்தைத் தொடக்கூடாதவர் அளவைச் சரிபார்க்கவும் முடியாது.

அன்றைக்குப் பாடத்தை விட்டுவிட்டு மரக்காலைப் பற்றியே பேசினோம். பேசப் பேச, இது இயற்பியல் பாடத்துக்கு வெளியே இல்லை, பாடத்தின் நடுவில் இருக்கிறது என்று தெரிந்தது. அடிக்கட்டையைத் தடிப்பாக்குவது ஒரு வழி மட்டும்தான். ஆயா இன்னும் சில வழிகளைச் சொன்னார். கூலி அளக்கும்போது பாத்திரத்தின் விளிம்போடு கையால் வழித்துவிடுவார்கள், அது தலைதட்டி அளப்பது. குத்தகை நெல் வாங்கும்போது விளிம்புக்கு மேலே கோபுரம் மாதிரி குவித்து அளப்பார்கள். கூலியைப் பக்கத்திலிருந்து மெல்லச் சரித்து நிரப்புவார்கள், நெல்மணிகளுக்கு இடையில் காற்று நிற்கும். வாங்கும்போது உயரத்திலிருந்து கொட்டி, ஒரு குலுக்குக் குலுக்கி அளப்பார்கள், மணிகள் நெருங்கி உட்காரும். பாத்திரம் ஒன்றேதான் என்றாலும் உள்ளே போகிற நெல் வேறு.

பத்தாம் வகுப்புப் பையன்களிடம் இதைக் கணக்காகக் கொடுத்தேன். உள்விட்டம் 20 சென்டிமீட்டர், உயரம் 16 சென்டிமீட்டர் உள்ள ஓர் உருளைப் பாத்திரம். தலைதட்டி அளந்தால் கன அளவு சுமார் 5,026 கன சென்டிமீட்டர். மேலே 7 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கூம்பு குவிந்தால் அதன் கன அளவு சுமார் 733. அதாவது நூற்றுக்குப் பதினாலரை பங்கு கூடுதல். நூறு மரக்கால் குத்தகை அளந்தவன் உண்மையில் நூற்றுப் பதினான்குக்கு மேல் கொடுத்திருக்கிறான். இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். நெல் குவியும் சரிவுக் கோணம் ஏறத்தாழ மாறாது. ஆகவே பாத்திரத்தின் ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் மேலே நிற்கிற குவியல் எட்டு மடங்காகும். வாயகன்ற மரக்கால் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பையன் கணக்கை முடித்துவிட்டு, "அக்கா, அவங்க பிசிக்ஸ் தெரிஞ்சுதான் செஞ்சிருக்காங்க" என்றான். அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. நம் ஆட்களுக்கும் தெரிந்திருந்தது. பாத்திரம் யார் கையில் இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

'நம் முன்னோர்களின் அளவை முறை' என்று பெருமை பேசுகிற பதிவுகள் நிறைய வருகின்றன. ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, கலம் என்று அழகான பெயர்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்ற மரக்காலும் அது 'ராஜகேசரி' என்ற அளவோடு ஒத்தது என்ற குறிப்பும் வருகின்றன. மறுக்கவில்லை. ஆனால் அந்த மரக்காலுக்குப் பெயர் தெய்வத்தின் பெயர், ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுக்குப் பெயர் அரசனின் பட்டம். வயலில் நின்றவரின் பெயரில் ஓர் அளவையும் இல்லை. மரக்காலுக்கு எட்டுப் படி என்றும் நாலு படி என்றும் ஊருக்கு ஊர் மாறும். படியின் அளவே ஊருக்கு ஊர் மாறும். இதை 'பன்மைத்துவம்' என்று ரசிக்கக் கூலியை அதில் வாங்காதவர்களால்தான் முடியும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. போலந்து நாட்டு வரலாற்றாசிரியர் விட்டோல்டு குலா, அளவைகளும் மனிதர்களும் பற்றி ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார். குவித்து அளப்பது, தலைதட்டி அளப்பது, உயரத்திலிருந்து கொட்டுவது என்று ஆயா திண்ணையில் சொன்ன அத்தனையும் ஐரோப்பியப் பண்ணையார்களின் கதையாக அதில் இருக்கின்றன. 1789இல் பிரெஞ்சுப் புரட்சிக்கு முன் ஊர் ஊராக மக்கள் எழுதிக் கொடுத்த குறைப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வந்த குறைகளில் ஒன்று, பிரபுவின் தானிய அளவை வளர்ந்துகொண்டே போகிறது என்பது. நாடு முழுக்க ஒரே அளவை வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள்.

மீட்டர் பிறந்தது அந்தக் கோரிக்கையில்தான். எந்த அரசனின் முழமும் வேண்டாம், எந்தப் பிரபுவின் பாத்திரமும் வேண்டாம், யாருக்கும் சொந்தமில்லாத பூமியையே அளவுகோல் ஆக்கலாம் என்று முடிவு செய்தார்கள். வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையிலான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர். அதைக் கண்டுபிடிக்க டெலாம்பர், மெஷைன் என்ற இரண்டு வானியலாளர்கள் 1792 முதல் 1798 வரை டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை முக்கோணம் முக்கோணமாக நிலத்தை அளந்தார்கள். புரட்சி, போர், கைது எல்லாவற்றுக்கும் நடுவில் நடந்த வேலை அது. கடைசியில் பூமியின் தட்டை வடிவத்தைக் கணக்கிட்டதில் கொஞ்சம் பிசகி, மீட்டர் 0.2 மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டது. பரவாயில்லை, எல்லோருக்கும் ஒரே அளவு குட்டை.

கிலோகிராமின் கதை இன்னும் எனக்குப் பிடிக்கும். 1889இலிருந்து 130 ஆண்டுகள், உலகத்தின் ஒரு கிலோ என்பது பாரிசுக்குப் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் நிலவறையில் இருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளைதான். அதை வைத்திருந்த இடத்துக்கு மூன்று சாவி. மூன்றும் மூன்று வேறு ஆட்களிடம். மூவரும் சேராமல் திறக்க முடியாது. இதை வகுப்பில் சொன்னபோது ஆயா சிரித்தார். மரக்கால் பண்ணை வீட்டுக்குள் இருந்தது, பூட்டும் அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது.

அந்த உருளையின் 57ஆம் எண் நகல் இந்தியாவுக்கு வந்து டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்தது. அந்த ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ்.கிருஷ்ணன். நகல்களையும் மூலத்தையும் பல ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டபோது ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் அளவுக்கு ஒன்றுக்கொன்று விலகியிருந்தன. விரல் ரேகை ஒன்றின் எடை இருக்கும். அதைப் பெரிய குறையாக எடுத்துக்கொண்டு உலகம் முழுக்க விஞ்ஞானிகள் வேலை செய்தார்கள். 2019 மே 20ஆம் தேதி முதல் கிலோகிராம் எந்தப் பொருளையும் சார்ந்து இல்லை. பிளாங்க் மாறிலியின் மதிப்பை நிலையாக வைத்து, அதிலிருந்து வரையறுக்கிறார்கள். கிப்பிள் தராசு என்ற கருவியில் ஒரு பக்கம் எடை, மறுபக்கம் காந்தப்புலத்தில் மின்சாரம் பாய்கிற கம்பிச்சுருள். அந்தக் கருவியைச் செய்ய முடிந்தவர் யாராக இருந்தாலும் ஒரு கிலோவைத் தானே உருவாக்கலாம். சாவி கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம்.

மே 20 என்றால் எங்கள் கடலூர் மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1957இல் அதே தேதியில்தான் நேரு நெய்வேலியில் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். தற்செயல்தான். ஆனாலும் அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளைப் பாருங்கள். 1957 ஏப்ரல் 1இல் அணாவும் தம்பிடியும் போய் நூறு நயா பைசா வந்தது. 1956இல் எடை, அளவைகள் சட்டம் நிறைவேறி, 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி, பண்ணையாரின் மரக்கால் அன்றோடு செத்திருக்க வேண்டும்.

செத்ததா? கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் இயக்கம் 1940களிலிருந்தே சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்ததோடு கள்ள மரக்காலையும் எதிர்த்தது. மெட்ரிக் முறை வந்து பத்தாண்டு கழித்து, 1968இல் கீழ்வெண்மணியில் கூலித் தகராறு எந்த அலகில் நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கிலோவில் அல்ல, படியில்தான். கூடுதலாகக் கேட்டது அரைப் படி நெல். டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கார் வைத்திருக்கிற, அந்தஸ்துள்ள மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற தோரணையில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சாட்சியத்தை நிறுக்கவும் இரண்டு மரக்கால் இருந்தது.

ஆகவே கிலோ வந்தால் சாதி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. தராசு சரியாக இருந்தும் தட்டில் வைக்கிற கூலி குறைவாக இருக்கலாம். ஆனால் பொது அளவை இல்லாதபோது கூலி குறைவு என்று நிரூபிக்கவே வழியில்லை. அரைப் படி என்றால் எந்தப் படியில் அரை என்ற இடத்திலேயே பேச்சு முடிந்துவிடும்.

தமிழில் நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நியூட்டனின் விதி என்கிறோம், தலைவிதி என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். என் வகுப்பில் ஒருவன் இதைக் கேட்டே விட்டான். இயற்பியல் விதியை யாரும் யாருக்கும் எழுதி வைக்கவில்லை, யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம், பொய் என்று காட்டினால் விதி மாறும் என்று சொன்னேன். கனமான பொருள் வேகமாக விழும் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பெரியவர்கள் சொன்னார்கள். கலிலியோ சாய்வுப் பலகையில் குண்டை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரை நிறுத்து நேரத்தைக் கணக்கிட்டார். பெரியவர்கள் சொன்னது தப்பு என்று தெரிந்தது. 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டார். காற்றில்லாத இடத்தில் இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. எங்களிடம் நிலவு இல்லை. ஒரு பழைய கதவுப் பலகையும், கோலிக்குண்டும், சைக்கிள் பால்ரசும் இருந்தன. சாய்வில் இரண்டையும் உருட்டினோம், ஒன்றாகத்தான் வந்தன. பிள்ளைகள் நம்பாமல் இருபது முறையாவது உருட்டிப் பார்த்திருப்பார்கள். நம்பாமல் இருந்ததுதான் எனக்குப் பிடித்தது.

ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது என்பதால் ஆய்வுக்கூடமும் அப்படி இருக்கும் என்று நினைக்காதீர்கள். நான் பதினொன்றாம் வகுப்புப் படித்த பள்ளியில் ஆறு பேருக்கு ஒரு வெர்னியர் அளவி. எங்கள் குழுவில் நானும் இன்னொரு காலனிப் பெண்ணும். முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: "உனக்குக் கையெழுத்து நல்லா இருக்கு, நீ ரீடிங் எழுது." அது பாராட்டு மாதிரித்தான் இருந்தது. இரண்டு ஆண்டும் மற்றவர்கள் அளந்ததை நான் எழுதினேன். வெர்னியரையும் திருகு அளவியையும் நான் கையில் எடுத்தது பொதுத்தேர்வு செய்முறை அன்றைக்குத்தான். கை நடுங்கியது. யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஆயா மரக்காலுக்குள் கையை விடாத அதே கதைதான் என்று இப்போதுதான் புரிகிறது.

வெர்னியர் அளவியைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை பொருளை அளப்பது அல்ல. தாடைகளை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்து, முதன்மைக் கோலின் சுழியும் வெர்னியர் கோலின் சுழியும் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கருவிக்குச் சுழிப் பிழை இருக்கிறது. ஒன்றுமே இல்லாதபோதே அது ஏதோ ஒரு அளவைக் காட்டுகிறது. அதைக் குறித்துக்கொண்டு, பிறகு எடுக்கிற ஒவ்வோர் அளவிலும் சுழித் திருத்தம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போய்விடும்.

இடஒதுக்கீட்டைப் பற்றிக் கல்லூரியில் ஒரு சண்டை. 'தகுதி' என்று கத்திய இயற்பியல் மாணவனிடம் இதைத்தான் கேட்டேன். உன் கருவியின் சுழிப் பிழையைப் பார்த்தாயா? மூன்று தலைமுறையாகப் பட்டம் வாங்கிய வீட்டுப் பிள்ளையும், மரக்காலின் அடிக்கட்டை அறியாமல் கூலி வாங்கிய வீட்டுப் பிள்ளையும் தேர்வெழுதும்போது, கோல் காட்டுகிற எண்ணை அப்படியே எழுதுவது அறிவியல் இல்லை. சுழித் திருத்தம் என்பது பொருளுக்குக் காட்டுகிற சலுகை அல்ல. கருவியின் கோணலைக் கழித்தால்தான் உண்மையான அளவு வரும். அவன் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் பேசுவதையும் நிறுத்திவிட்டான். உவமைகளால் யாரையும் மாற்றிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 28 அன்று பள்ளிகளில் தேசிய அறிவியல் நாள். 1928இல் ராமன் விளைவு கண்டறியப்பட்ட நாள். திருச்சியில் பிறந்த ராமனைக் கொண்டாடுவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அதே காலத்தில் அதே கல்கத்தாவில் வேலை செய்த மேக்நாத் சாகாவின் பெயரை எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. டாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்துக் கடைக்காரரின் மகன், 1893இல் பிறந்தவர். தலித் அல்ல, ஆனால் வங்காளத்தில் தாழ்வாக நடத்தப்பட்ட சாதி. பிரெசிடென்சி கல்லூரியில் படித்தபோது தங்கியிருந்த ஈடன் இந்து விடுதியில், மேல்சாதி மாணவர்கள் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். 1920இல் அந்த மனிதர்தான், ஒரு வாயு எந்த வெப்பத்தில், எந்த அழுத்தத்தில் எவ்வளவு அயனியாகும் என்ற சமன்பாட்டைத் தந்தார். விண்மீன்களின் ஒளியை வைத்து அவற்றின் வெப்பநிலையைச் சொல்ல வழி பிறந்தது. இங்கே ஆய்வுக்கூடத்தில் உள்ள அணுவுக்கும் கோடானுகோடி மைல் தள்ளி விண்மீனில் உள்ள அணுவுக்கும் ஒரே சமன்பாடு. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு மட்டும் இரண்டு.

அவர் அளவைக்காரரும்கூட. 1952இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அதே ஆண்டு அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவர். நாட்டில் புழக்கத்தில் இருந்த முப்பது நாட்காட்டிகளை ஆராய்ந்து, பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு எத்தனை நாள் விலகிப் போயிருக்கிறது என்று அந்தக் குழு காட்டியது. 1955இல் அறிக்கை வந்தது. 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1956 பிப்ரவரியில் இறந்துவிட்டார். நாமும் அந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, ராகுகாலம் போட்ட தினசரிக் காலண்டரையே மாட்டுகிறோம். எங்கள் வீட்டிலும் அதுதான் தொங்குகிறது. எத்தனை முறை கழற்றினாலும் அம்மா மறுபடி மாட்டிவிடுகிறார்.

நெய்வேலிப் பக்கம் வருகிறேன். நிலக்கரிப் படுகைக்கு அடியில் இருக்கிற ஊற்றுநீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. அறுபது முதல் எண்பது மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண் கீழே கொடுக்கிற அழுத்தம் அது. இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பெயர்ந்து வெள்ளமாகிவிடும். அதனால் இரவும் பகலும் இறைக்கிறார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகள் இறங்கிவிட்டன என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆனால் கூட்டங்களில் "தண்ணி பாதாளத்துக்குப் போயிடுச்சு" என்றுதான் நம் ஆட்கள் பேசுகிறார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கோப்பைத் திறந்து மீட்டரில் பேசுகிறார். எண் இல்லாத பேச்சு மனுவாகிறது, எண் உள்ள பேச்சு ஆவணமாகிறது. நிலம் எடுக்கும்போதும் இதே கதைதான். சென்ட், ஏக்கர், ஹெக்டேர் என்று அலகு மாறிக்கொண்டே போகும், நிலமே இல்லாமல் அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவரின் இழப்புக்கு அலகே கிடையாது.

எங்கள் ஊர் சுரங்கத்திலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, பெண்ணையாற்றுப் பக்கம். இங்கே கிணறு இறங்கினால் அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம். இருந்தாலும் பிள்ளைகளும் நானும் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். நைலான் கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு, ஒரு மீட்டருக்குச் சிவப்புத் துணி, நுனியில் கல். மாதம் முதல் ஞாயிறு காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால், காலனிக் கிணற்றிலும் ஊர்க் கிணறுகளில் இரண்டிலும் தண்ணீர் மட்டம் அளந்து நோட்டில் எழுதுகிறோம். ஊர்க் கிணறு ஒன்றில் முதல் மாதம் விடவில்லை. "எதுக்கு? பஞ்சாயத்துல சொல்லிட்டு வாங்க" என்றார்கள். இரண்டாவது மாதம் அந்த வீட்டுப் பையனே கயிற்றைப் பிடித்தான், அவனும் ஒன்பதாம் வகுப்பு, அவனுக்கும் அளவீடு பாடம். மூன்றாவது மாதம் அவன் வரவில்லை. காரணம் கேட்கவில்லை. கிணற்றை அளந்துவிட்டோம்.

வாசிக்கிற தோழர்களில் கல்லூரி மாணவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். மாலை வகுப்பு எடுக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அட்டவணையை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். இருநூறு ரூபாய்க்குப் பிளாஸ்டிக் வெர்னியர் கிடைக்கிறது, இரண்டு வாங்குங்கள். ஒன்றை எப்போதும் பெண் பிள்ளைகள் கையில் கொடுங்கள். "நீ எழுது" என்று யாரையும் ஒதுக்காதீர்கள், அளந்தவரே எழுதட்டும். உங்கள் ஊரில் இருக்கிற கிழவிகளை வகுப்புக்குக் கூப்பிடுங்கள், அளவையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது பாடநூலில் இல்லை. பள்ளி ஆய்வுக்கூடம் பூட்டியே கிடந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

போன வாரம் அந்த ஆறாம் வகுப்புப் பெண் எங்கிருந்தோ ஒரு பழைய இரும்புப் படியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மளிகைக்கடை அண்ணன் மின்தராசை அரை மணி நேரம் கொடுத்தார். தலைதட்டி ஒரு முறை, குவித்து ஒரு முறை, குலுக்கிக் குவித்து ஒரு முறை நெல்லை நிறுத்தோம். முதலில் வெறும் படியை வைத்து, தராசைச் சுழிக்குக் கொண்டுவந்தாள், நான் சொல்லாமலே. மூன்று எடையையும் கரும்பலகையில் எழுதினாள். ஆயா எழுந்து வந்து பலகையைப் பார்த்தார். படிக்கத் தெரியாது, அவளிடம் வாசிக்கச் சொன்னார். வாசித்தாள்.

"முப்பத்தஞ்சு வருசம் அந்தப் பண்ணையில வேல பாத்தேன். இதுல போனது எவ்ளோன்னு கணக்குப் போட முடியுமா?"

"வருசத்துக்கு எத்தன நாளு வேல ஆயா?"

ஆயா விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். நடவு, களை, அறுப்பு, கரும்பு வெட்டு. பேத்தி பக்கத்தில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.